மணல் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது?

கீழடியில் கரி கிடைத்தது, கார்பன் சோதனை செய்து காலம் சொன்னார்கள்; சரி. சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்ததோ வெறும் கல். அதற்கு 3,85,000 ஆண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தொல்லியல் செய்தி வெளியாகும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கும் கேள்வி இது.

கல்லின் வயது நமக்குத் தேவையில்லை. கருவி செய்த குவார்ட்சைட் பாறை பல கோடி ஆண்டுப் பழையது. அதை ஒருவர் தட்டிச் செதுக்கிக் கீழே போட்ட காலம்தான் வேண்டும். கார்பன்-14 அதற்கு உதவாது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்கும்படி ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கேள்வியைக் கல்லிடம் கேட்பதில்லை. அதை மூடிக் கிடந்த மண்ணிடம் கேட்கிறோம்: நீ கடைசியாக வெயில் பார்த்தது எப்போது?

மண்ணால் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஆற்றுமணலில் ஏராளமாக இருப்பது குவார்ட்ஸ். அதன் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தாலும் அங்கங்கே குறை இருக்கும்: ஓர் அணு விடுபட்ட இடம், வேறு அணு நுழைந்த இடம். புதைந்த மணலைச் சுற்றியுள்ள மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு படிகத்தினுள் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கிறது. பெரும்பாலானவை உடனே திரும்பிவிடும். சில மட்டும் அந்தக் குறைகளில் விழுந்து சிக்கிக்கொள்ளும். ஆண்டு ஏற ஏறச் சிக்கியவற்றின் எண்ணிக்கையும் ஏறும். வெயில் பட்டால் போதும், சில நிமிடங்களில் குழிகள் காலியாகிவிடும். காற்றோ ஆறோ சுமந்துவந்த மணல் வழியிலேயே இப்படித் துடைக்கப்பட்டு, புதைந்த நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் அந்த மணல்மீது நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சிக்கிய எலக்ட்ரான் விடுபட்டு, படிகத்தின் இன்னொரு மையத்தில் போய்ச் சேரும்போது ஒளியாக ஆற்றலை விடுகிறது. அப்படி வெளிவருவது புற ஊதா ஒளி! கொடுத்தது சுமார் 470 நானோமீட்டர். திரும்பி வருவது அதைவிட அலைநீளம் குறைந்த, ஆற்றல் கூடிய ஒளி. சாதாரண ஒளிர்பொருளில் இது தலைகீழாக நடக்கும், வாங்கியதைவிடக் குறைவாகவே திரும்பத் தரும். இங்கே கூடுதலாக வரும் ஆற்றல் நீல விளக்கு கொடுத்தது அல்ல. மண்ணின் கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிகத்தில் சேர்த்துவைத்தது. நீல விளக்கு பூட்டை மட்டும் திறக்கிறது. இதில் ஒரு நடைமுறை வசதியும் உண்டு. நீலத்தைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் வடிகட்டியை உணரிக்கு முன்னால் வைத்துவிட்டால், விளக்கின் வெளிச்சம் கணக்கில் கலக்காது. 1985-இல் ஹன்ட்லியும் உடன் ஆய்வாளர்களும் இந்த ஒளித்தூண்டல் முறையை முன்வைத்தார்கள்.

வெயில் துடைத்துவிடும் என்பதால் மணலை எடுப்பதே பெரிய வேலை. அகழாய்வுக் குழியின் சுவரைச் சுரண்டிப் புதுமுகம் காட்டி, 5 செ.மீ. விட்டமும் 20 முதல் 30 செ.மீ. நீளமும் உள்ள எஃகுக் குழாயைப் படுக்கைவாட்டில் அடித்து இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் இரு முனைகளையும் மூடிக் கறுப்புப் பையில் சுற்றவேண்டும். குழாய் நிறையாவிட்டால் மணல் உள்ளே உருண்டு, முனையில் வெளிச்சம் பட்ட துகள் நடுவில் கலந்துவிடும், மாதிரி வீண். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பிரித்து, முனைகளில் சில செ.மீ. மண்ணைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அதைக் கதிரியக்கமும் ஈரமும் அளக்கப் பயன்படுத்தலாம்.

நடுமணலுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு மக்கிய பொருளை அழிக்கும். சலித்து ஒரே அளவுத் துகளை, வழக்கமாக 90–125 அல்லது 180–250 மைக்ரான், எடுத்து, அடர்திரவத்தில் மிதக்கவிட்டு, மணலில் கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமத்தைப் பிரிப்பார்கள். பிறகு 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஏறத்தாழ 40 நிமிடம். அது மிச்ச ஃபெல்ட்ஸ்பாரைத் தின்பதோடு, ஆல்ஃபாத் துகள்கள் பாய்ந்த மேல்தோலையும் உரித்துவிடும்.

ஒரே கதிர்வீச்சுக்கு ஒவ்வொரு துகளும் ஒவ்வோர் அளவு ஒளி தரும். அதனால் இயற்கை ஒளியை அளந்தபின், அதே மணலுக்குக் கருவியிலுள்ள ஸ்ட்ரான்ஷியம்-90 மூலத்திலிருந்து தெரிந்த அளவு கதிர்வீச்சைக் கொடுத்து மறுபடி அளக்கிறார்கள். அளவைக் கூட்டிக் கூட்டி ஒரு வரைகோடு கிடைக்கும். இயற்கை ஒளி அதில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பார்கள். சூடாக்கி அளக்க அளக்கத் துகளின் உணர்திறனே மாறும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே சிறு சோதனை அளவு கொடுத்து அந்த மாற்றத்தைத் திருத்துவார்கள். 2000-இல் மர்ரேயும் வின்டிலும் செம்மைப்படுத்திய இந்த ஒழுங்குதான் இன்று எங்கும் நடைமுறை.

மீதி வகுத்தல் கணக்கு. மணல் மொத்தம் வாங்கியது 120 கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு வாங்குவது 2 கிரே என்றால் புதைந்து 60,000 ஆண்டு. கணக்கு எளிது, ஆனால் கீழ் எண்ணில் தண்ணீர் விளையாடும். மண்ணின் ஈரம் கதிர்வீச்சை உறிஞ்சிவிடும். இன்று வறண்டிருக்கும் மண் அத்தனை காலமும் 10 சதவீத ஈரத்தோடு கிடந்திருந்தால் உண்மை வயது ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். கோடையில் மாதிரி எடுத்து அன்றைய ஈரத்தையே கணக்கில் போடுவது பெரிய தவறு.

அதைவிடப் பெரிய ஆபத்து, துடைக்கப்படாத துகள். பாலைவனக் காற்று கொண்டுவந்த மணல் நன்றாக வெயில் காயும். சேறு கலந்த வெள்ளத்தில் வந்ததோ பனியாற்று நீரில் வந்ததோ அப்படியல்ல. ஆஸ்திரேலியாவின் ஜின்மியம் பாறையிடத்துக்கு 1996-இல் 1,16,000 ஆண்டு என்று அறிவித்தார்கள். அன்றைக்குப் பயன்பட்டது மணலைச் சூடாக்கி ஒளியளக்கும் முறை. 1998-இல் துகள் துகளாக அளந்தபோது படிவு 10,000 ஆண்டுக்கும் குறைவு என்று தெரிந்தது. அங்கேயே உளுத்து உதிர்ந்த பாறையின் துகள்கள், வெயிலே படாமல், பழைய கணக்கோடு கலந்திருந்தன. இன்று 300 மைக்ரான் துளைகள் நூறு கொண்ட தட்டில் துளைக்கு ஒரு துகள் வைத்து லேசரால் அளக்கிறார்கள். பெரும்பாலான துகள்கள் ஒளியே தராது, பொறுமை வேண்டும். கரையானும் வேரும் மணலை மேலும் கீழும் நகர்த்தியிருந்தால் அதுவும் இப்படி அளக்கும்போது வெளிப்பட்டுவிடும்.

குவார்ட்ஸுக்கு எல்லை உண்டு. பொதுவாக 200 கிரேக்கு அருகில் குழிகள் நிறைந்து வரைகோடு தட்டையாகும். அதற்கு மேல் ஃபெல்ட்ஸ்பார். அது இன்னும் நிறையத் தாங்கும், ஆனால் சிக்கிய எலக்ட்ரான்கள் தாமாகவே கசியும் என்பதால் வயது குறைந்து தோன்றும். முதலில் குறைந்த வெப்பத்தில் அகச்சிவப்பு கொடுத்துக் கசியும் பகுதியை வெளியேற்றிவிட்டு, 225 அல்லது 290 டிகிரியில் மறுபடி அளந்தால் நிலையான பகுதி கிடைக்கும். தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் இந்த வகை முறையால்தான் இடைப் பழைய கற்காலக் கருவிகளின் தொடக்கத்தைக் கணித்து 2018-இல் வெளியிட்டார்கள். அதே இடத்தின் இன்னும் ஆழமான படிவு சுமார் 15 லட்சம் ஆண்டு பழையது. அதற்கு ஒளி முறை எட்டாது. காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய அலுமினியம்-26, பெரிலியம்-10 விகிதத்தை அளந்தார்கள்.

செய்தித்தாளில் 3,85,000 என்று மட்டும் வந்தது. ஆய்வாளர்கள் எழுதியது 3,85,000 ± 64,000, அதாவது 64,000 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த ± குறியை வெட்டுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். காலத்தை இழுத்து நீட்டிப் பெருமை பேசுகிறவர்களுக்கும், எதையும் நம்பமாட்டேன் என்பவர்களுக்கும் சேர்த்து அந்த ஒரு குறி பதில் சொல்லும்.

மனித இடப்பெயர்வின் பாதையும் இப்படித்தான் தெளிகிறது. சவூதி அரேபியாவின் நெஃபுத் பாலைவனத்தில் மணல்மேடுகளுக்கு நடுவே பழைய ஏரிப் படிவுகள் உள்ளன. அங்கே சுமார் 4 லட்சம், 3 லட்சம், 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு 55,000 ஆண்டு வரையிலும் மனிதர்கள் வந்துபோன தடயம் கிடைத்ததாக 2021-இல் வெளியிட்டார்கள். மழை வந்து ஏரி நிறைந்தபோது வழி திறந்திருக்கிறது, வறண்டபோது மூடியிருக்கிறது. அதே ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் ஒயிட் சாண்ட்ஸில் மனிதக் காலடித் தடங்களுக்கு, அங்கே கிடைத்த நீர்த்தாவர விதைகளைக் கார்பன் சோதனை செய்து, 21,000 முதல் 23,000 ஆண்டு என்றார்கள். அந்த விதை நிலத்தடி நீரிலுள்ள பழைய கார்பனை எடுத்திருக்கலாமே என்ற நியாயமான ஆட்சேபம் எழுந்தது. 2023-இல் மகரந்தமும் குவார்ட்ஸ் ஒளிர்வும் தனித்தனியே அளக்கப்பட்டன; விடை ஒத்துப்போனது.

அத்திரம்பாக்கத்தை 1863-லேயே புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டார்கள். ஆனால் மண்ணிலிருந்து பிரிந்து பேழையில் கிடக்கும் கருவிக்கு இந்த முறையால் வயது சொல்ல இயலாது. 1999-இல் தொடங்கிய அகழாய்வில் படிவையும் சேர்த்துப் படித்ததால்தான் எண் கிடைத்தது. ஆற்றோரத்துப் பழைய மேட்டை மண்ணுக்காக வெட்டும்போது அழிவது அந்தப் படிவுதான். அகழாய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் கட்டாயம் ஒரு பங்கு மண் மாதிரிக்கும் அதை அளக்கும் ஆய்வகத்துக்கும் போகவேண்டும். கண்காட்சிக் கூடம் அதற்குப் பிறகு கட்டலாம்.

எங்கேனும் வெட்டிய மண்சுவரில் செதுக்கிய கல் துருத்திக்கொண்டிருந்தால் பிடுங்கவேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, சுவர் முழுதும் தெரியும்படி படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அந்தச் சுவருக்குள் ஒரு கை ஆழத்தில் இருக்கும் மணலில் இன்னும் வெயில் படவில்லை.