நைட்ரேட் இறங்கவில்லையா? டாப்-அப் தண்ணீரைச் சோதித்தீர்களா?

பெங்களூருவில் கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். பவளத் தொட்டிக்காரர்கள் அழைத்தால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: "வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறோம், நைட்ரேட் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறது." மீன் கழிவும் மிச்சத் தீனியும் மட்கிக் கடைசியில் சேர்வதுதான் நைட்ரேட். நான் போவதற்குள் மீன்களுக்குப் பாதித் தீனியை நிறுத்தியிருப்பார்கள், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவியில் பெரியதாக ஒன்றுக்கு விலையும் விசாரித்திருப்பார்கள். ஆவியான இடத்தை நிரப்பத் தொட்டியில் ஊற்றுகிற தண்ணீரை, அதாவது டாப்-அப் தண்ணீரை, சோதித்தவர்கள் அபூர்வம்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு வீட்டில் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரைக் கேனில் பிடித்து வைத்திருந்தார்கள். "குழந்தைகளே குடிக்கிற தண்ணீர், தம்பி. இதில் என்ன இருக்கப்போகிறது?" என்றார் வீட்டு அம்மா. கேனிலிருந்து 5 மில்லி எடுத்துச் சோதனை மருந்தை விட்டேன். மஞ்சளாகவே நிற்க வேண்டிய நிறம் ஐந்து நிமிடத்தில் நல்ல ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 20 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட்.

அந்த அம்மா சொன்னதில் தவறில்லை. நமது குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. பவளத் தொட்டியிலோ 2 முதல் 10 வரை இருந்தால் நிம்மதி. காவிரித் தண்ணீர் போதாத அடுக்குமாடிகளில் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. கழிவுநீர் கசியும் இடங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறத்தான் செய்யும். மற்ற உப்புகளைத் தடுக்கிற அளவுக்கு ஆர்.ஓ. சவ்வு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. போதாததற்கு, பல வீட்டுக் கருவிகளில் சுவைக்காகச் சவ்வைத் தாண்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் தங்கிவிடும். 20 பிபிஎம் தண்ணீரால் அந்த இடத்தை நிரப்பினால் நாளுக்கு 80 மில்லிகிராம், மாதத்துக்கு 12 பிபிஎம் சேரும். மீன்கள் போடுவது தனிக்கணக்கு. மாற்றுவதற்கான கடல்நீருக்கு உப்பையும் அதே தண்ணீரில் கரைத்தால், எத்தனை முறை மாற்றினாலும் 20-க்குக் கீழே இறங்க வழியில்லை.

ஆகவே ஸ்கிம்மருக்கு முன்னால், சவ்வைத் தாண்டி வரும் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினோடு சேர்ந்த தனி ஆர்.ஓ. வாங்குங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள்.

சோதிப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. பல கிட்களில் இரண்டாவது மருந்து அடியில் படிந்துவிடும். அரை நிமிடமாவது கை வலிக்கக் குலுக்காமல் விட்டால் அளவு குறைவாகக் காட்டும். சில கிட்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் சொல்கின்றன. அந்த எண்ணை 4.4-ஆல் பெருக்கினால்தான் உண்மை தெரியும்.

தண்ணீர் சரியான பிறகு மிச்சம் இருப்பது வீட்டு வேலை. உறைந்த தீனியை உருக்கி, வடிகட்டிப் போடுங்கள். கழிவைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்கை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். மீன்தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில் (இதையும் சம்ப் என்பார்கள்) நைட்ரேட்டை உறிஞ்சும் கீட்டோ பாசி வளர்த்து அவ்வப்போது அறுத்தெடுங்கள். ஒரே நாளில் இறக்க ஆசைப்படாதீர்கள். நைட்ரேட் துளியும் இல்லாத புதுத் தண்ணீரில் 20 சதவீதம் வீதம் நான்கு முறை மாற்றினால்தான் 50 பிபிஎம் ஏறத்தாழ 20-க்கு வரும். பவளங்களுக்கும் அந்த நிதானமே நல்லது.

வோட்கா ஊற்றினால் நைட்ரேட் மறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய்யில்லை, வோட்காவிலுள்ள கரிமத்தைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும், ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை வெளியேற்றும். ஆனால் பாக்டீரியா ஆக்சிஜனையும் தின்னும். அளவு மிஞ்சினால் இரவோடு இரவாகத் தொட்டி பால்போல் கலங்கி, விடியும்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் நான் இதற்கு ஒப்புவதே இல்லை.

பூஜ்யம் வேண்டும் என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். நைட்ரேட் அறவே இல்லாத தொட்டியில் பவளம் வெளிறும். டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர் பழுப்புச் சளியாகப் படரும். அது வந்தால் நைட்ரேட் தொல்லையே தேவலை என்று தோன்றும்.

பாறைக்குள் ஆக்சிஜன் குறைந்த நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் என்பது உண்மைதான். அதற்காக இராமேசுவரம் பக்கத்து லைவ் ராக் (உயிரிகள் குடியிருக்கும்படியே கடலிலிருந்து எடுத்த பவளப்பாறை) என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் காய்ந்த பாறையிலேயே அந்தப் பாக்டீரியா குடியேறும். சில மாதங்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.