குளிர்ந்த கடலிலிருந்து ஊருக்கு வெந்நீர்

"குளிர்நாடுகளில் வீடுகளைக் கதகதப்பாக வைக்க ஊருக்கே ஒரே இடத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாயில் அனுப்புகிறார்களாமே, வீடு வந்து சேர்வதற்குள் ஆறிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம். குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உள்ளே நிற்கும் தண்ணீர் நான்கு மடங்காகிறது, சூடு கசியும் மேற்பரப்போ இரண்டு மடங்குதான் கூடுகிறது. ஆகவே பெரிய குழாயும் சுற்றிலும் நல்ல நுரைக் காப்பும் இருந்தால் பல கிலோமீட்டர் தாக்குப்பிடிக்கும். டென்மார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்கு இப்படித்தான் வெப்பம் வருகிறது.

1877-ல் அமெரிக்காவின் லாக்போர்ட்டில் பேர்ட்சில் ஹாலி குழாயில் அனுப்பியது நீராவி. அப்புறம் 100 டிகிரிக்கு மேல் அழுத்தி வைத்த நீர், பிறகு 80, 90; இப்போது புதிய குழாய் வலையமைப்புகளில் 60-ஐ ஒட்டி வந்துவிட்டார்கள். ஏன் இறக்கிக்கொண்டே போகிறார்கள்? வழியில் சூடு கசிவது குறையும் என்பது ஒன்று; இன்றைக்கு முக்கியமான காரணம் ஹீட் பம்ப், அதாவது குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்துக்கு ஏற்றும் இயந்திரம்.

டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் கடல்நீரிலிருந்தே வெப்பத்தை எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். 5 டிகிரி நீரில் என்ன வெப்பம் என்று தோன்றும். ஆனால் அதைவிடக் குளிர்ந்த ஒன்றுக்கு அந்த நீர் சூடானதுதானே! திரவமான கார்பன் டை ஆக்சைடை அந்தக் குளிரிலேயே கொதிக்கிற அளவு அழுத்தத்தில் ஓடவிடுகிறார்கள். அது கடல்நீரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வாயுவாகிறது. கம்ப்ரசர் அந்த வாயுவை நெருக்கும்போது, சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு சுடுகிற மாதிரி, வாயு கொதிநிலை நீரைவிடச் சூடாகிவிடுகிறது. அந்தச் சூட்டை ஊருக்குப் போகும் நீரிடம் கொடுத்துவிட்டு, அழுத்தம் குறைந்து மறுபடி குளிர்ந்து கடலிடமே வந்து நிற்கிறது. பூமியைச் சூடாக்குகிறது என்று நாம் திட்டும் அதே வாயு! மின்சாரம் இங்கே வெப்பத்தைச் சுமக்கிற கூலியாள் மட்டும்தான்.

எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு கூலி. 5 டிகிரியிலிருந்து 90-க்கு ஏற்றினால், இயற்பியல் அனுமதிக்கிற உச்சத்தில்கூட ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 4.3 யூனிட் வெப்பம்தான். 60 போதும் என்றால் அது 6-ஆகிறது. நடைமுறையில் ஏறக்குறைய பாதி கிடைக்கும், ஆனால் விகிதம் அப்படியேதான். சூடு குறைந்த வலையமைப்பில், டேட்டா சென்டர் வெளியே தள்ளும் வெதுவெதுப்பும் சுலபமாகப் பயன்படும்.

ஆனால் 60 டிகிரி நீர் போதவேண்டுமானால் வீட்டில் ரேடியேட்டர் (வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) பெரிதாக இருக்கவேண்டும், சுவரும் சன்னலும் வெப்பத்தை விடக்கூடாது. உலகில் வீடு, ஆலை, வாகனம் எனப் பயன்படுத்துவோரிடம் போய்ச்சேரும் ஆற்றலில் சுமார் பாதி வெப்பத்துக்கே போகிறது. அப்படியிருக்க, ஆராய்ச்சிப் பணம் பேட்டரிக்குப் போகிற வேகத்தில் சுவர்க் காப்புக்கும் குழாய்க்கும் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளிர்ச்சிக்கும் இதே குழாய் யோசனைதான். 2004 முதல் டொராண்டோ, ஒன்டாரியோ ஏரியின் அடியிலிருந்து 4 டிகிரி நீரை எடுத்துக் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும், அதனால் கோடையிலும் அது ஏரியின் அடியிலேயே தங்கிவிடுகிறது.