சவால்: கேள்வியாகப் பிறந்த சொல்

'சவால் விட்டார்', 'சவாலை ஏற்றார்' என்று நாள்தோறும் படிக்கிறோம். இது அரபுச் சொல். அரபியில் 'சுஆல்' என்றால் கேள்வி, அவ்வளவுதான். பாரசீகம் வழியாக உருது, இந்திக்கு வந்தபோதும் அந்தப் பொருள் மாறவில்லை. இந்தி வினாத்தாளில் 'சவால்' என்று அச்சிட்டிருந்தால் அது வெறும் வினா. அதன் ஜோடிச் சொல் 'ஜவாப்', அதாவது பதில். பெரியவர்கள் பேச்சில் வரும் 'ஜவாப்தாரி' அதிலிருந்து வந்தது: பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

தமிழிலோ கேள்வி மோதலுக்கு அழைப்பாகிவிட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படித்தான். தஞ்சைப் பக்கம் மராட்டியர் காலத்தில் வேரூன்றிய லாவணியைக் கேட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. ஒருவர் டேப் என்ற தோல் கருவியை அடித்தபடி பாட்டிலேயே கேள்வி போடுவார். எதிராளி பாட்டிலேயே விடை சொல்லியாக வேண்டும். அங்கே கேட்பதும் மோதுவதும் ஒன்றுதான்.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மேலே இருப்பவரிடம் 'ஏன்?' என்று கேட்டாலே, 'என்ன, எதிர்த்துப் பேசுறியா?' என்பது நம் வீடுகளில் பழகிய பதில். கேள்வியைச் சண்டையாகவே கேட்டுப் பழகிய காதுக்குச் சவாலின் புதுப் பொருள் எளிதாக ஒட்டியிருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி தருவது அறைகூவல். அறைதல் என்றால் அடித்தல், உரக்கச் சொல்லுதல் இரண்டும் உண்டு. கூவல் என்றால் கூப்பிடுதல். வலியப் போருக்கு அழைப்பது. மற்போருக்கும் தேர்தலுக்கும் இது நன்றாகப் பொருந்தும். 'வேலையில் பல சவால்கள்' என்கிறோமே, அங்கே சிக்கல் என்றாலே போதும்.

ஆனால் நடக்கிறபடி நடக்கட்டும் என்று எல்லோரும் இருக்கும்போது ஒருவர் துணிந்து கேட்கிறாரே, அதற்கு அறைகூவல் சரிவராது. அதற்கென்று நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: தட்டிக்கேட்டல். 'பெரியவங்க பேச்சைத் தட்டாதே' என்பதில் உள்ள தட்டு, மறுத்தல். அதே தட்டுதான் இங்கும் இருப்பதாக நான் கொள்கிறேன். 'தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்' என்பது பழமொழி.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி செய்தது இதைத்தான். 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்கிறான் பாண்டியன். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது. அது அரச நீதி. அவள் அந்த நீதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் அரசியின் சிலம்பில் முத்து என்கிறான் அவன். சிலம்பைத் தருவித்து வைக்கிறான். அவள் உடைக்கிறாள். மாணிக்கம் அரசன் முகத்தருகே தெறிக்கிறது.

எங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒரு நாள் ஒரு ஆத்தா, "பையை வைக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல என்ன காட்டுதுன்னு பார்க்கணும் தம்பி" என்றார். குரல் உயரவே இல்லை. வரிசையே எட்டிப் பார்த்தது. எண் பூச்சியத்தில் இல்லை. ஆத்தா சவால் விட்டதாக யாரும் சொல்லவில்லை. "ஆத்தா தட்டிக் கேட்டுருச்சு" என்றுதான் அன்று முழுக்க ஊரில் பேச்சு.