புத்தகத் தட்டு அல்ல, நூலுடைமைச் சீட்டு

போன வாரம் பினாங்கில் ஒரு வாசகர் கூட்டம். மிக்கேல் ஃபிங்கெஸ்டன் என்ற ஓவியரின் வாழ்க்கையை ஒருவர் தமிழில் வாசித்தார். யூத வழிவந்தவர் ஃபிங்கெஸ்டன். 1930களில் ஜெர்மனியை விட்டு இத்தாலிக்குப் போனார். 1940இல் அங்கேயும் பிடித்து அடைத்தார்கள். 1943இல், தெற்கு இத்தாலியில் அவரை அடைத்திருந்த ஃபெர்ரமோந்தி முகாம் விடுபட்ட சில வாரங்களில் இறந்தார். அப்படிப்பட்டவர் ‘நூற்றுக்கணக்கில் புத்தகத் தட்டுகள் செய்தார்’ என்று வாசித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்த அக்கா, “பீங்கான் வேலையா?” என்று கேட்டார். அவர் மேல் என்ன பிழை? இந்த ஆண்டில் மூன்றாம் முறையாக இந்தத் தட்டைக் கேட்கிறேன்.

ஆங்கிலத்தின் ‘புக்பிளேட்’டைத்தான் இப்படிச் சொல்லுக்குச் சொல் தட்டாக்கிவிட்டார்கள். புக்பிளேட் என்பது உடையவர் பெயரும் படமும் அச்சிட்டு, நூல் அட்டையின் உட்புறம் ஒட்டும் சிறு தாள். 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தொடங்கியது. அதில் காணும் ‘எக்ஸ் லிப்ரிஸ்’ இலத்தீன்: ‘இன்னார் நூல்களிலிருந்து’. பிளேட் என்பது படம் செதுக்கி மையேற்றும் செப்புத் தகடு. அதன் பெயர் தாளுக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்காகப் ‘புத்தகத் தகடு’ என்பதும் சரியில்லை. நூலில் இருப்பது தாள். மரத்தில் செதுக்கியும் அச்சிட்டார்களே, அங்கே தகடு ஏது?

புக்பிளேட்டுக்குச் சிலர் சொல்லும் ‘நூல் முத்திரை’தான் எனக்குப் பெரிய தலைவலி. கேட்க இனிமையாக இருப்பதால் நல்ல வாசகர்களே அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். முத்திரை என்றால் பதிப்பது, குத்துவது. நாம் இங்கே ‘சாப்பு’ என்கிறோமே, அது. சவுரஸ்தா சந்தை மாடியில் வாங்கிய ஒரு பழைய நூலில் ஊதா மையில் பள்ளிக்கூடச் சாப்பு இருக்கிறது. எதிரே யாரோ ஒருவரின் பெயர்த்தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டையும் முத்திரை என்றால் நூலகப் பட்டியலில் எப்படிப் பிரித்து எழுதுவது? முத்திரையில் அதிகாரத்தின் வாடையும் உண்டு. இந்தத் தாளோ, ‘என்னுடையது, படித்துவிட்டுத் திருப்பிக் கொடு’ என்று கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

என் சொல் ‘நூலுடைமைச் சீட்டு’. சுவடியில் உடையவர் பெயர் எழுதிவைத்த மரபு நமக்கும் உண்டு. உடைமை என்ற சொல் அங்கேயே பொருந்திவிடுகிறது. நீளம் என்கிறார்கள். பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு போலப் பேச்சில் ‘உடைமைச் சீட்டு’ போதும். பொருளைக் கண்ணால் பார்க்காமல், அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துப் போடும் பழக்கத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போது விடப்போகிறார்களோ!

கூட்டம் முடிந்ததும் வாசித்தவரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் மறுபடி வாசிக்கிறாராம். பென்சில் வாங்கி, மூன்று இடத்தில் தட்டை அடித்துச் சீட்டு என்று எழுதிக்கொண்டார்.