ஒரு பிட் புரண்டாலும் காட்டிக்கொடுக்கும் 64 எழுத்துகள்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இங்கேதான். அந்தத் தகடுகள் இன்று கணினிக் கோப்புகளாகிவிட்டன. 4096-க்கு 4096 பிக்சல், பிக்சலுக்கு 16 பிட் என்று கணக்கிட்டால் ஒரு படம் 3,35,54,432 பைட். பிட் கணக்கில் 26 கோடியைத் தாண்டும்.

அதில் ஒரே ஒரு பிட் புரண்டுபோனால், அதாவது ஒரு 0 1 ஆகவோ ஒரு 1 0 ஆகவோ மாறிப்போனால்? அது ஒரு பிக்சலின் கடைசி பிட்டாக இருந்தால் ஒளியளவு 1 கூடும் அல்லது குறையும்; கண்ணுக்குத் தெரியாது. முதல் பிட்டாக இருந்தால் 32,768 மாறிவிடும். பிரகாசமான இடத்தில் இல்லாத ஒரு கரும்புள்ளி முளைக்கும். இரண்டிலுமே படம் ஒழுங்காகத் திறக்கும், கோப்பின் அளவும் மாறாது, எந்த எச்சரிக்கையும் வராது. 1909-ஆம் ஆண்டுச் சூரியனை மறுபடி படமெடுக்க வழியில்லை என்பதால், கோப்பு பிறந்தபடியே இருக்கிறதா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் செக்சம்: கோப்பின் எல்லா பைட்களையும் வைத்துக் கணக்கிடும் ஒரு சிறு எண். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனுக்கும் தாத்தாவின் குரல் பதிவுக்கும் இதே தேவை உண்டு.

அடிப்படை எளிது. பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்கு மூன்று பூண்டு மூட்டைகள் இறங்குகின்றன: 48, 51, 50 கிலோ. சீட்டில் கூட்டுத்தொகை 149 என்று எழுதி அனுப்புகிறோம். வழியில் ஒரு மூட்டையிலிருந்து 2 கிலோ குறைந்தால் கூட்டல் காட்டிக்கொடுக்கும். ஆனால் முதல் இரண்டு மூட்டைகள் இடம் மாறினால் 149 அப்படியேதான் இருக்கும். ஒன்றில் 2 குறைந்து இன்னொன்றில் 2 ஏறினாலும் அப்படியே. இதற்கு மாற்று, ஒவ்வொரு எடையையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுவது: 48 + 102 + 150 = 300. இடம் மாறினால் 51 + 96 + 150 = 297. இப்போது பிடிபட்டுவிடும்.

செக்சம் முறைகளின் வளர்ச்சி முழுவதும் இந்த வழியில் வந்ததுதான். வானியலாளர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பிலேயே செக்சம் எழுத இடம் உண்டு. ஆனால் அது வெறும் 32 பிட் கூட்டல். இரண்டு நான்கு-பைட் துண்டுகள் தமக்குள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. ஜிப், பிஎன்ஜி கோப்புகளில் இருக்கும் சிஆர்சி-32 இன்னும் கூர்மையானது. அடுத்தடுத்த 32 பிட்களுக்குள் அடங்கும் எந்தச் சேதத்தையும் அது தவறாமல் பிடிக்கும். அதைவிடப் பரவலான சேதம் தப்பிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. எதேச்சையான சேதத்துக்கு இது போதும். வேண்டுமென்றே மாற்றுபவருக்குப் போதாது: கோப்பைத் திருத்திவிட்டு சிஆர்சி பழையபடி வருமாறு நான்கு பைட்களைச் சரிக்கட்டுவது கடினமல்ல. அப்படிப்பட்டவரையும் தடுக்க வந்த முறைகளின் செக்சத்துக்கு ஹேஷ் என்று பெயர். அவற்றில் எம்டி5 முறையில் 2004-லும், ஷா-1 முறையில் 2017-லும் ஒரே ஹேஷ் தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக ஷா-256-க்குப் போய்விடுவதே நல்லது.

ஷா-256 கோப்பை 64 பைட் துண்டுகளாக நறுக்குகிறது. கையில் எட்டு எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட். ஒவ்வொரு துண்டையும் இந்த எட்டு எண்களோடு சேர்த்து 64 சுற்றுகள் சுழற்றி, கூட்டி, கலக்குகிறது. கடைசியில் கோப்பின் நீளத்தையும் சேர்த்துக் கலந்துவிட்டு, எட்டு எண்களையும் பதினாறடிமான முறையில் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை) வரிசையாக எழுதினால் 64 எழுத்துகள் வரும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் விடையின் 256 பிட்களில் பாதியளவு மாறிவிடும். சேதம் சிறியதா பெரியதா என்று ஹேஷைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாறியிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

லினக்ஸில் இதற்கான கட்டளை ஷா256சம். விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ். வேறெதுவும் சொல்லாவிட்டால் அது ஷா-256-ஐத்தான் கணக்கிடும். மேக்கில் ஷாசம் கட்டளையோடு 256 என்று குறிப்பிட வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் கிடைக்கும் பட்டியலில் வரிக்கு ஒரு கோப்பு: 64 எழுத்துகள், இரண்டு இடைவெளி, பிறகு கோப்பின் பெயர். அதை ஒரு உரைக்கோப்பாகச் சேமித்துவிட்டு, பிறகு ஷா256சம் கட்டளையை ‘சி’ விருப்பத்தோடு அந்தப் பட்டியலின் மீது ஓட்டினால், ஒவ்வொரு கோப்பாகப் படித்து ‘ஓகே’ அல்லது ‘ஃபெயில்ட்’ என்று சொல்லும். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 1 டிபி முடிய சுமார் 2 மணி 45 நிமிடம் ஆகும். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் கணக்கிடும் வேகம் தடையல்ல, டிஸ்க்கின் வேகமே தடை.

இங்கே பலர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பென் டிரைவில் நகலெடுத்த கையோடு சரிபார்த்தால், கணினி பல நேரம் பென் டிரைவைத் தொடுவதே இல்லை. நினைவகத்தில் இன்னும் மிச்சமிருக்கும் பிரதியைப் படித்து ‘ஓகே’ என்கிறது. முறையாக வெளியேற்றி, கழற்றி, மறுபடி செருகிய பிறகுதான் சோதிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் விடையைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் அது யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்படும். லினக்ஸ் அதைப் பட்டியலாகவே ஏற்காது. பட்டியலில் பல கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் இருந்து, அது ‘இ3பி0சி442’ என்று தொடங்கினால், அவை அத்தனையும் பூஜ்ய பைட் கோப்புகள். நகலெடுப்பு எங்கோ தோற்றிருக்கிறது.

தமிழில் பெயரிடுபவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று. ‘கொடைக்கானல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யுடிஎஃப்-8-இல் முன்னது 3 பைட், பின்னது 6 பைட். மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கே உருவான பட்டியலை லினக்ஸில் ஓட்டினால் கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘இல்லை’ என்று சொல்லும். கோப்பு கெடவில்லை, பெயர்தான் பொருந்தவில்லை. ஆவணக் காப்புக்குரிய பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்து, தமிழ் விவரத்தைத் தனி அட்டவணையில் எழுதுவது இப்போதைக்குப் பாதுகாப்பானது.

பெயரை மாற்றுவதால் ஹேஷ் மாறாது. தேதி மாறினாலும் மாறாது. படத்தைத் திருப்பிச் சேமித்தால் மாறும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி எழுதப்படுவதால் நிச்சயம் மாறும்.

பிட்கள் ஏன் புரள்கின்றன? மலையில் கேட்கத் தகுந்த கேள்விதான். ஊட்டியில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அண்டக்கதிர்களின் பொழிவை அளக்கிறது. அந்தக் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கும் நியூட்ரான்கள் நினைவகச் சில்லுகளில் பிட்டைப் புரட்டக்கூடியவை; அதே அட்சரேகையில் கடலோரத்தைவிட இந்த உயரத்தில் அவை சில மடங்கு அதிகம். பிழை திருத்தும் இசிசி நினைவகம் இதற்காகவே இருக்கிறது. ஆனாலும் முதல் சந்தேகத்தை வானத்தின் மேல் போட வேண்டாம். மழைக்காலத்து மின்தடையில் பாதியில் நின்ற நகல், வெளியேற்றாமல் பிடுங்கிய பென் டிரைவ், கொள்ளளவு பொய்யாக அச்சிட்ட மெமரி கார்டு, தளர்ந்த கேபிள் ஆகியவையே அன்றாடக் காரணங்கள்.

செக்சம் எடுக்கும் நேரம் எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்கேனரிலிருந்தோ கேமரா கார்டிலிருந்தோ வந்த உடனே எடுக்க வேண்டும். ஓராண்டு கழித்து எடுத்தால், அதற்குள் கெட்டுப்போனதையே ‘சரி’ என்று பதிவுசெய்ததாகிவிடும். ஆர்சிங்க் போன்ற நகல் கருவிகள் வழக்கமாக அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடுகின்றன. சத்தமில்லாமல் கெட்ட கோப்பு அவற்றின் கண்ணில் படாது. உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லும் செக்சம் விருப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பட்டியலின் ஒரு பிரதியை வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும்.

‘ஃபெயில்ட்’ வந்தால் எதையும் அழிக்காமல் அதே கோப்பை மறுபடி சோதியுங்கள், டிரைவைக் கழற்றிச் செருகிய பிறகு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஹேஷ் வந்தால் கோப்பு நன்றாகவே இருக்கலாம். நினைவகமோ கேபிளோ கோளாறு. வேறு கணினியில், வேறு கேபிளில் பாருங்கள். எப்போதும் ஒரே தவறான ஹேஷ் வந்தால் டிஸ்க்கில் இருப்பதே மாறிவிட்டது. அப்போது இரண்டாவது பிரதியை முதலில் பட்டியலோடு சரிபார்த்து, அது ‘ஓகே’ என்ற பிறகே அங்கிருந்து மீட்க வேண்டும். செக்சத்தால் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. பிரதி இல்லாத நிலையிலும் மீட்க வேண்டுமானால் பார்2 போன்ற கருவியில், கோப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே, 10 சதவீதம் அளவுக்குக் கூடுதல் தரவு உருவாக்கி வைக்கலாம். கெட்ட துண்டுகள் அந்த அளவுக்குள் இருக்கும்வரை மூலக் கோப்பை அது அப்படியே திரும்ப எழுதித் தரும்.