பெரிய ஃபியூஸ் கேட்காதீர்கள்: பிக்கப் வண்டியில் கூடுதல் விளக்கு பொருத்துவோர் கவனத்துக்கு

சென்ற வாரம் மீண்டும் ஒரு பிக்கப் வண்டியை என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன் பம்பருக்கு மேல் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாரின் மேல் நீளமான எல்இடி பார், அதன் இரு பக்கமும் வட்டமான ஃபோகஸ் விளக்குகள். பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டர் ஓரமாகச் செல்லும் வயர் கொத்து முழுவதும் உருகி ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. வால்பாறையிலிருந்து சுமையோடு இறங்கும்போது, இருட்டிய பிறகு, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் கூடுதல் விளக்குகளோடு ஹெட்லைட்டும் சேர்ந்து அணைந்துவிட்டது. 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஓட்டுநர் பழகியவர் என்பதால் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தால் வண்டி என்னிடம் வந்திருக்காது.

ஃபியூஸ் பெட்டியில் பார்த்தேன். 15 ஆம்பியர் நீல நிற ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் இருந்தது. காரணம் கேட்டேன். "நீலம் அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது அண்ணா. இதை மாற்றியதும் சரியாகிவிட்டது" என்றார் அந்தத் தம்பி.

சரியாகவில்லை. ஃபியூஸ் போனது உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற வைக்கப்பட்டது என்று நினைக்கிறார்கள். "இது பெரிய விளக்கு, ஆகவே பெரிய ஃபியூஸ்" என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஃபியூஸ் காப்பது வயரை. அந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்குமோ அதைப் பார்த்துத்தான் ஃபியூஸ் அளவு முடிவாகிறது. நிறுவனம் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தால், அந்தப் பாதையில் உள்ள வயரும் சுவிட்சும் இணைப்பு முனைகளும் அந்த அளவுக்குத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. வயரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் 30 ஆக்கினால், முதலில் உருகவேண்டிய இடத்தை ஃபியூஸிலிருந்து வயருக்கு மாற்றிவிடுகிறீர்கள். ஃபியூஸ் தன் கூட்டுக்குள்ளேயே உருகும். வயர் டீசல் குழாய்க்குப் பக்கத்தில் உருகும். டீசல் எஞ்சினைக் கிளப்பும் அந்த பேட்டரி, எங்காவது ஷார்ட் ஆனால் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது. அதன் முன் மெல்லிய வயர் என்ன ஆகும் என்பதை நான் பலமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பியைச் சுற்றிவைப்பவர்களும் இருக்கிறார்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கணக்கு கடினமானதல்ல. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஹெட்லைட்டில் வரும் ஒரு ஹெச்4 ஹாலஜன் பல்பின் ஹை பீம் 60 வாட். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், இரண்டு பக்கமும் சேர்ந்தால் 10. பெட்டியில் 180 வாட் என்று அச்சிட்ட எல்இடி பார் உண்மையில் அத்தனை வாட் எடுத்தால் இன்னொரு 15 ஆம்பியர். இதை ஹெட்லைட் சாக்கெட்டின் பின்னால் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் ஒட்டினால், 10 ஆம்பியர் போன பாதையில் 25 ஆம்பியர் போகிறது. "எல்இடி என்றால் கரண்ட் குறைவாகத்தானே இழுக்கும்" என்கிறார்கள். அதே வெளிச்சத்துக்கு ஹாலஜனோடு ஒப்பிட்டால் குறைவு, உண்மை. நீங்கள் அதே வெளிச்சத்துக்கா வாங்கினீர்கள்? அத்துடன் பல எல்இடி பார்களில் உள்ளே இருந்து விளக்குக்குச் சீராக மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட், வோல்டேஜ் குறைந்தால் ஈடுகட்ட அதிக ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் அது தன்னைத் தானே மேலும் சூடாக்கிக்கொள்ளும்.

வயரின் தடிமனையும் எண்ணில் சொல்லிவிடுகிறேன். போக வர 4 மீட்டர் நீளம், 15 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். அதாவது 20 வாட் வெப்பம் வயருக்குள்ளேயே. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.4 வோல்ட் அளவுதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வயர்கள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்சான ரிலே பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனை, அங்கிருந்து 87-ஆம் முனை வழியாக விளக்கு, 85, 86 முனைகள் சுவிட்சுக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உடல் தகட்டுக்கும்). எல்லா எலக்ட்ரீசியனுக்கும் தெரிந்ததுதான், இருந்தும் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஃபியூஸை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் ஓடும் வயருக்குக் காவலே இல்லை. சுவிட்ச் வயரைக் கேபினுக்குள் கொண்டுவரத் தகட்டில் துளை போடுகிறவர்கள் அதில் ரப்பர் கிராமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) வைக்க மறக்கிறார்கள். தகட்டின் விளிம்பு அதிர்வில் கத்தியாகி வயரின் தோலை அறுக்கும். நான் பார்த்த தீப்பிடித்த வண்டிகளில் தொடக்கப்புள்ளி பலமுறை அந்தத் துளைதான். எர்த் முனையைப் பெயின்ட்டின் மேல் இறுக்காதீர்கள். தகட்டைச் சுரண்டி, வயர் முனையில் லக் என்ற உலோக வளையம் வைத்து, போல்ட்டில் இறுக்கிப் பிறகு கிரீஸ் பூசுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள்.

இனி எங்கே பொருத்துகிறார்கள் என்ற கதை. கிரில்லை முழுக்க மறைத்து நான்கு விளக்கு வைத்துவிட்டு, மலை ஏறும்போது எஞ்சின் சூடாகிறது, கூலன்ட் மாற்றுங்கள் என்று வருகிறார்கள். சுமையோடு இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்றே குறைவு. அதிலும் பாதியை விளக்கு மறைத்தால் ரேடியேட்டரும் இன்டர்கூலரும் என்ன செய்யும்? நம்பர் பிளேட்டை மறைக்கும்படி வைப்பவர்களும் உண்டு. புல் பார் விஷயம் தெரிந்ததே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. மோதலில் பாதசாரியை நசுக்கும் இரும்பு அது. ஏர்பேக் உள்ள வண்டிகளில் மோதலின் வேகம் சென்சாருக்குச் சென்று சேரும் விதத்தையே மாற்றிவிடக்கூடியதும் அதுவே. விளக்கு மாட்ட இடம் வேண்டும் என்பதற்காகப் புல் பார் வாங்காதீர்கள்.

கேபின் கூரையின் மேல் பார் வைத்தால் நன்றாகத் தெரியும் என்பார்கள். பானெட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஓட்டுநரின் கண்ணுக்குத்தான் வரும். பனிமூட்டத்திலோ செம்மண் புழுதியிலோ எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். "அதற்கு மஞ்சள் விளக்கு போட்டால் பனியைத் துளைக்கும்" என்ற நம்பிக்கையும் சரியல்ல. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனியில் உதவுவது தாழ்வாக, பம்பருக்குக் கீழ் வைத்த, மேல் விளிம்பு வெட்டிய அகலமான ஒளி. வண்டிக்கு முன்னால் பத்தடியை வெள்ளையாக்கும் ஒளியிலும் ஆபத்து உண்டு. கண்ணின் பாவை சுருங்கிவிடும், தூரத்து இருட்டில் நிற்கும் மாடு தெரியாது. நன்றாகத் தெரிகிறது என்ற தைரியத்தில் வேகமும் கூடும்.

எதிரே வருகிறவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சுமை ஏற்றிய பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும். காலியாக இருக்கும்போது சரியாகச் சாய்த்து வைத்த விளக்கு, மூட்டை ஏறியதும் வானத்தைப் பார்க்கும். ஒரு டிகிரி நிமிர்ந்தால் 50 மீட்டர் தூரத்தில் ஒளி 87 சென்டிமீட்டர் உயர்கிறது. இருசக்கர வாகனத்தில் வருகிறவரின் முகம் அங்கேதான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலப்புறத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. 111-ஆம் விதி இன்னும் நேரடியானது. பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்ற விதிவிலக்கான சூழல் தவிர, வண்டியின் முன்பக்கத்தில் ஸ்பாட் லைட்டோ தேடுவிளக்கோ இருக்கவே கூடாது. எரியக்கூடாது என்று மட்டும் அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்காக உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதன் 182ஏ பிரிவு இடம் தருகிறது. வண்டி எரிந்தால் காப்பீட்டு சர்வேயரின் கண் முதலில் போவதும் உருகிய அந்தக் கூடுதல் வயர் மீதுதான்.

"எல்லாரும் போடுகிறார்கள், நான் போடாவிட்டால் எனக்குத்தான் கண் கூசுகிறது" என்கிறார்கள். இரண்டு பேர் கண்ணும் கூசியபடி ஒரு வளைவில் சந்திப்பதைத்தான் அது முடிவாகக் கொண்டுவரும்.

தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குள் இரவில் காய் ஏற்றுகிறவர்களுக்கும், எஸ்டேட்டின் மண்பாதையில் போகிறவர்களுக்கும் நல்ல விளக்கு வேண்டும். பதிவு அதிகாரியிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். தனி சுவிட்ச் வையுங்கள், ஹை பீமோடு இணைக்காதீர்கள். தார்ச்சாலையில் ஏறும்போது மூடி போட்டு மூடுங்கள். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவைத்து, ஒரு சுவருக்கு எதிரே சமதளத்தில் நிறுத்தி, ஒளி கீழ்நோக்கி விழும்படி சாய்வைச் சரிசெய்யுங்கள். நட்டுகள் லாக் நட்டாக இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். புதிய விளக்கு வாங்குமுன் இருக்கும் ஹெட்லைட்டை ஒருமுறை சோதியுங்கள். "வெளிச்சமே போதவில்லை" என்று வரும் வண்டிகளில் கண்ணாடி மஞ்சளித்துப் போயிருக்கும், அல்லது பல்பின் முனையில் வோல்டேஜ் குறைந்திருக்கும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒரு முறை, எரியும் பல்பின் முனையில் ஒரு முறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் உங்களுக்குத் தேவை ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலேயும் நல்ல எர்த்தும். அதற்கு ஆகும் செலவு எல்இடி பாரைவிடக் குறைவு, எந்த விதியையும் மீறவேண்டியதும் இல்லை. இதைச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று தயங்கும் சக எலக்ட்ரீசியன்களே, சொல்லுங்கள். அவர் திரும்பி வருவார்.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கூடுதல் விளக்குகளைக் கால் மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, மின்விசிறி நின்றதும் பானெட்டுக்குள் அந்த வயரை, ஃபியூஸ் ஹோல்டரை, ரிலே சாக்கெட்டை, எர்த் முனையைக் கையால் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் எல்லாமே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், அது பரவாயில்லை. பக்கத்தில் உள்ள மற்ற வயர்களைவிட இது மட்டும் சுட்டால், டேப் இளகிப் பிசுபிசுத்தால், பிளாஸ்டிக் வாசனை வந்தால், ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பகலில் உங்கள் எலக்ட்ரீசியனிடம் போங்கள். அன்றிரவு கூடுதல் விளக்கு இல்லாமல் மெதுவாக ஓட்டலாம்.