வீட்டு உரிமையாளருக்குத் தெரியாத ஆமை

சிகிச்சைக்கு வரும் ஆமையின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்குமானால், கால்நடை மருத்துவராகிய நான் கேட்கும் முதல் கேள்வி உணவைப் பற்றியதன்று. வீடு சொந்தமா, வாடகையா என்பதே. வாடகை வீடென்றால் தொட்டி பெரும்பாலும் குளியலறையில்தான் இருக்கும், உரிமையாளர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று.

ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாக வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். அது கிடைக்காதபோது, தின்ற தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் சரிவர உறிஞ்ச இயலாமல், எலும்பிலும் ஓட்டிலும் இருப்பதையே எடுத்துச் செலவழிக்கத் தொடங்கிவிடுகிறது. "ஜன்னலோரம் நல்ல வெயில் வருகிறதே, டாக்டர்" என்பார்கள். அந்தக் கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். இதற்கென விற்கும் விளக்குகளும் ஓராண்டுக்குள் வலுவிழக்கின்றன. வெளிச்சம் மட்டும் பழையபடியே தெரிவதால் யாரும் மாற்றுவதில்லை.

நட்சத்திர ஆமையாக இருந்தால் பேச்சே வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஆனால் சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வாங்கப் போய்த் தூக்கி வருவது பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமையைத்தான். உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சு 25 சென்டிமீட்டர் வரை வளரும், 30 ஆண்டுகள்கூட வாழும்; நம் வாடகை ஒப்பந்தமோ 11 மாதம். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லி, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. அவர் தயங்குவதிலும் நியாயம் உண்டு: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகல உயரமுள்ள தொட்டியில் 190 லிட்டர் நீர் பிடிக்கும், கண்ணாடியோடு 200 கிலோவைத் தாண்டும், கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கும். வடிகட்டி வைத்திருப்பதையும், ஆமையிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய சால்மோனெல்லா கிருமிக்கு அஞ்சி ஆமைத் தொட்டியைச் சமையலறையில் பாத்திரம் துலக்கும் இடத்தில் கழுவுவதில்லை என்பதையும் எடுத்துச் சொன்னால், நாய்க்கு மறுத்தவர்கள்கூட ஆமைக்கு இசைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மறுத்தாலும் கோயில் குளத்தில் விட்டுவிடாதீர்கள். நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். வளர்க்கத் தெரிந்த வேறொருவர் கிடைக்கும் வரை, காலை வெயிலில் அரைமணி நேரம் மொட்டை மாடிக்குக் கொண்டு செல்லுங்கள். பாதி நிழல் விழும் அகலமான டப் போதும். காக்கை கொத்தாமல் பார்க்க ஓர் ஆள் மட்டும் கூடவே இருக்க வேண்டும்.